பழனி மலையில் இரவு வானம்: டிராக்கரா, லென்ஸா, அடுக்கலா?

பழனி மலைத்தொடரில், கொடைக்கானலுக்கு மேலே கேமராவோடு போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கையில் ஒரு கேமரா, அதோடு வந்த லென்ஸ், ஓரளவு உறுதியான ட்ரைபாட் எல்லாம் இருக்கிறது. கொஞ்சம் பணமும் சேர்ந்திருக்கிறது. அடுத்து எதில் போடுவது? நட்சத்திரங்களின் ஓட்டத்தோடு கேமராவைத் திருப்பும் டிராக்கரிலா, அதிக வெளிச்சம் வாங்கும் லென்ஸிலா? இல்லை, எதையும் வாங்காமல் ஒரே காட்சியைப் பல முறை எடுத்து கம்ப்யூட்டரில் அடுக்கிச் சேர்க்கும் வழியில் போய்விடலாமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மலையில் படம் எடுக்கிற பெரும்பாலானோருக்கு அடுக்கல்தான் சரி. டிராக்கர் மோசமான கருவி என்பதால் அல்ல. பழனி மலை பூமியில் எங்கே இருக்கிறது, அதன் மேல் மேகம் எப்படி வந்து போகிறது என்ற இரண்டையும் வைத்துப் பார்த்தால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

டிராக்கர் வேலை செய்ய அதன் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிற்க வேண்டும். டிராக்கரைப் பற்றி நாம் படிக்கிற யோசனைகளில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 40, 50 டிகிரி அட்சரேகையில் நிற்பவர்கள் சொன்னது. அவர்களுக்குத் துருவ நட்சத்திரம் பாதி வானத்தில் நிற்கும். கொடைக்கானலின் அட்சரேகை 10 டிகிரிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அதனால் துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து அதே 10 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கி அடிவானத்தில் வைத்துப் பாருங்கள், அந்த முஷ்டியின் மேல் விளிம்புதான் அந்த உயரம். வடக்கே ஒரு சின்ன முகடு, நாலு தைல மரம், ஒரு பைன் தோப்பு இருந்தால் போதும், துருவ நட்சத்திரம் மறைந்துவிடும். மறைக்க எதுவும் இல்லாத வடக்குச் சரிவில் நின்றாலும், பழனி, ஒட்டன்சத்திரம் பக்கத்துச் சமவெளியின் தூசியும் விளக்கு வெளிச்சமும் அந்த உயரத்தில்தான் படர்ந்திருக்கும். துருவ நட்சத்திரம் அப்படியொன்றும் பிரகாசமானதும் அல்ல.

இதற்கு ஒரு மாற்று வழி இருக்கிறது. தென்தமிழ்நாட்டில் காந்த ஊசி காட்டும் வடக்கும் உண்மையான வடக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஒன்றிரண்டு டிகிரிதான் வித்தியாசம். ஆகவே போன் காம்பஸை வைத்து வடக்கைப் பிடித்து, அச்சை 10 டிகிரி சாய்த்து வைத்தாலே 24 மி.மீ. அகன்ற லென்ஸுக்கு ஒரு நிமிட எக்ஸ்போஷர் (ஷட்டரைத் திறந்து வைக்கும் நேரம்) ஓடும். ஒன்றரை டிகிரி பிழை இருந்தாலும் ஒரு நிமிடத்தில் நட்சத்திரம் நகர்வது ஃபுல் ஃபிரேம் சென்சாரில் (35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள பெரிய சென்சார்) அரை பிக்சல் அளவுதான். அதே பிழையோடு 135 மி.மீ. நீண்ட லென்ஸ் போட்டால் இரண்டு, மூன்று பிக்சல் இழுபடும், கண்ணுக்குத் தெரியும். அதாவது, துருவ நட்சத்திரம் தெரியாத இடத்தில் டிராக்கர் எந்த லென்ஸுக்கு ஒழுங்காக ஓடுகிறதோ, அந்த லென்ஸுக்கு டிராக்கர் அவ்வளவு அவசியமில்லை. எந்த லென்ஸுக்கு அவசியமோ, அதற்கு இந்த அரைகுறை ஏற்பாடு போதாது.

இப்போது அடுக்கலைப் பார்ப்போம். நிலையான ட்ரைபாடில் எவ்வளவு நேரம் ஷட்டரைத் திறந்து வைக்கலாம் என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது: 500-ஐ லென்ஸின் மி.மீ. அளவால் வகுக்க வேண்டும். ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய க்ராப் சென்சார் என்றால் மி.மீ. அளவை 1.5-ஆல் பெருக்கிவிட்டு வகுக்க வேண்டும். இன்றைய அதிக பிக்சல் கேமராக்களுக்கு இந்தக் கணக்கு தாராளமாகிவிட்டது. 500-க்குப் பதில் 300 என்று வைத்துக்கொண்டால் நட்சத்திரம் புள்ளியாக நிற்கும். 20 மி.மீ. லென்ஸுக்கு 15 விநாடி. அப்படி 15 விநாடிப் படங்களாக 16 எடுத்தால் மொத்தம் நாலு நிமிட வெளிச்சம் கிடைக்கிறது. டிராக்கரில் நாலு நிமிடம் எடுத்ததும் அதே வெளிச்சம்தான். படங்களை அடுக்கிச் சராசரி எடுக்கும்போது நாய்ஸ் (இருட்டுப் படத்தில் விழும் புள்ளிப் புள்ளியான இரைச்சல்), படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும்: 9 படத்துக்கு மூன்றில் ஒரு பங்கு, 16 படத்துக்கு நாலில் ஒரு பங்கு, 25 படத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் கூட்டிக்கொண்டே போனாலும் பலன் மெதுவாகத்தான் ஏறும். அகன்ற லென்ஸுக்கு 16 முதல் 25 வரை போதும்.

பழனி மலையில் அடுக்கலின் பெரிய பலம் வேறொன்று. மேகம். இங்கே முழு இரவும் தெளிந்த வானம் கிடைப்பது அரிது. ஒரு மணி திறந்திருக்கும், பிறகு பள்ளத்தாக்கிலிருந்து மூட்டம் ஏறிவிடும், மறுபடி இருபது நிமிடம் விலகும். டிராக்கரை நிறுத்தி அச்சைச் சரிபார்த்து முடிப்பதற்குள் அந்த இருபது நிமிடம் போய்விடும். அடுக்கலுக்கு ட்ரைபாடை ஊன்றி, ஃபோகஸ் பார்த்து, தானாக வரிசையாகப் படம் எடுக்கும் இன்டர்வெல் டைமரை ஓடவிட்டால் முடிந்தது. நடுவில் ஒரு மேகத்துணுக்கு வந்தால் அந்த இரண்டு படத்தை மட்டும் கழித்துவிடலாம். டிராக்கரின் நீண்ட எக்ஸ்போஷரில் அதே மேகம் வந்தால் முழுப் படமும் பாழ்.

அடுக்கலுக்கும் குறை இருக்கிறது. காற்றில் ஆடும் கிளைகள் வானத்தைத் தொடும் விளிம்பில் மென்பொருள் தடுமாறும். இலைகளின் ஓரத்தில் நட்சத்திரங்கள் கரைந்துபோகும், அல்லது ஒரு மங்கலான வளையம் விழும். சீகை மரமும் தைல மரமும் நிறைந்த கொடைக்கானல் பக்கம் இது நிஜமான தொல்லை. மன்னவனூர், கூக்கால் பக்கத்துப் புல்வெளிகளில் முகடு வெறுமையாக இருப்பதால் விளிம்பு சுத்தமாக வரும். மரம் வேண்டும் என்றால் காற்று இல்லாத நேரமாகப் பாருங்கள், அல்லது மரத்தை நெருங்கி நின்று முழுக் கருநிழலாக வையுங்கள்.

டிராக்கர் எங்கே ஜெயிக்கிறது? நீண்ட லென்ஸில். 135 மி.மீ.க்கு அதே கணக்குப் போட்டால் இரண்டு விநாடிதான் கிடைக்கும். நூற்றுக்கணக்கான படங்கள் எடுக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் வெளிச்சம் சொற்பம். கேட்டை நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள மஞ்சளும் நீலமுமான தூசு, வாயுப் படலங்களை எடுக்க ஆசைப்படுகிறவருக்கு டிராக்கர்தான் வழி. ஆனால் அது நிலக்காட்சிப் படம் அல்ல, தனி வேட்கை. முகடும் ஊரும் பால்வீதியும் ஒரே சட்டத்தில் வேண்டும் என்றால், டிராக்கர் வானத்தைப் பிடிக்கும்போது மலை இழுபடும். மலையைத் தனியாக, டிராக்கரை நிறுத்திவிட்டு, இன்னொரு முறை எடுத்து ஒட்ட வேண்டும். அந்த ஒட்டு வேலைக்கு ஃபோட்டோஷாப்பில் நல்ல கை வேண்டும்.

எதை வாங்கினாலும் சரி, முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். பால்வீதியின் மையம் விருச்சிகத்தின் வாலை ஒட்டி, தனுசுப் பக்கம் இருக்கிறது. கொடைக்கானலில் அது தெற்கே 50 டிகிரி உயரம் வரை ஏறும். லண்டனில் அடிவானத்தைத் தாண்டவே திணறும் பகுதி அது. நமக்குக் கிடைத்திருப்பது பெரும் கொடை. மார்ச் மூன்றாம் வாரத்தில் அது நள்ளிரவு பன்னிரண்டரை வாக்கில் தென்கிழக்கில் உதிக்கும். தினமும் நாலு நிமிடம் முந்தும், ஆகவே ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் இரவு பத்தரை, மே மூன்றாம் வாரத்தில் எட்டரை. முகடுகளைத் தாண்டி மேலே வர இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று, அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை. ஆக நிஜமான பருவம் பிப்ரவரி கடைசியிலிருந்து மே நடு வரைதான். ஏப்ரல், மே மாதங்களில் மதியம் இடியோடு கோடை மழை பெய்துவிட்டு இரவில் விலகினால் விடாதீர்கள், மழை கழுவிய காற்றில் வானம் பளிச்சென்று இருக்கும். ஆனால் அது சீசன் நேரமும்கூட. 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு வண்டியில் போக இ-பாஸ் வேண்டும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

மார்ச்சுக்கும் மேக்கும் நடுவே தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மார்ச் என்பேன். காரணம் முன்னணிக் காட்சி, அதாவது வானத்துக்குக் கீழே தெரியும் நிலப்பகுதி. நட்சத்திரப் படத்தில் மலையும் ஊரும் கரிக்கட்டையாக விழுவதுதான் பெரிய குறை. அதைச் சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு. நட்சத்திரம் எடுக்கும் அதே இருட்டில் கீழ்ப்பகுதிக்கு மட்டும் நாலைந்து நிமிடம் தனியாகத் திறந்து வைப்பது முதல் வழி. நேர்மையானது, ஆனால் சூடேறிய சென்சாரின் புள்ளிகள் நிறைய விழும், நிறமும் செத்துப்போகும். இரண்டாவது, ட்ரைபாடை அசைக்காமல் அந்தி நீலத்தில் மலையை எடுத்துவிட்டு, இருட்டியபின் வானத்தை எடுத்துச் சேர்ப்பது. மூன்றாவது, பிறை நிலவின் வெளிச்சம்.

இரண்டாவது வழியை நம் மலையில் தலைகீழாகச் செய்ய வேண்டும். இங்கே சூரியன் மறைந்து முழு இருட்டு வர ஒன்றே கால் மணி நேரம்கூட ஆகாது. மார்ச்சில் மாலை ஏழு மணிக்கு மலையை எடுத்துவிட்டு, பால்வீதி ஏறும் வரை ஆறு மணி நேரம் ட்ரைபாடை அப்படியே விட்டுவைக்க முடியாது. காட்டுமாடு கூட்டமாக நடமாடும் ஊர் இது. விடியலில் செய்தால் எல்லாம் கூடிவரும். மூன்று மணி முதல் ஐந்து மணி வரை வானத்தை எடுங்கள். ஐந்தேகால் வாக்கில் கிழக்கு வெளுக்கத் தொடங்கும். அதற்குப்பின் அரை மணியில் முகடுகளுக்கு நீல வெளிச்சம் வந்துவிடும், மலையை அப்போது எடுங்கள். இரண்டுக்கும் இடையில் ட்ரைபாட் நின்ற இடத்திலேயே நிற்கிறது. மே மாதத்திலும் விடியலில் நீலம் உண்டு, ஆனால் மையம் அதற்குள் உச்சி தாண்டி மேற்கே சாய்ந்திருக்கும். மார்ச்சில் அது விடியும் நேரத்தில்தான் தெற்கே உச்சிக்கு வருகிறது.

பிறை நிலவுக்கும் இதே தர்க்கம். வளர்பிறைப் பிறை முன்னிரவிலேயே மறைந்துவிடும், மார்ச்சில் பயனில்லை. தேய்பிறை துவாதசி, திரயோதசி நிலவு பின்னிரவில் கிழக்கே எழும். மெல்லிய பிறை பூம்பாறையின் படிக்கட்டு வயல்களில் பக்கவாட்டாக விழும்போது ஒவ்வொரு வரப்பும் தனித்தனியாகத் தெரியும். எந்த எடிட்டிங்காலும் அதைக் கொண்டுவர முடியாது. டார்ச் அடித்து முன்னணியை வெளிச்சமாக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். படத்தில் செயற்கையாகத் தெரியும் என்பது ஒரு பக்கம், காட்டு ஓரத்தில் விலங்குகளின் கண்ணில் அடிப்பது சரியல்ல. பேரிஜம் போன்ற வனத்துறை இடங்களுக்குப் பகலில் மட்டும்தான் அனுமதி. இரவுப் படத்துக்குத் தங்குமிடத்தின் முற்றமோ, ஊருக்குள் இருக்கும் தோட்டமோ, உரிமையாளரிடம் கேட்டுவிட்டு நிற்கும் வயல் மேடோதான் சரியான இடம்.

எந்தப் பக்கம் நிற்பது என்பதும் ஒரு தேர்வுதான். கோக்கர்ஸ் வாக், வட்டக்கானல் பக்கத்துத் தெற்குச் சரிவுகளில் நின்றால் பெரியகுளம், தேனி விளக்குகள் காலடியில் விரியும், பால்வீதி அவற்றுக்கு மேலேதான் நிற்கும். மேற்கே மன்னவனூர், கிளாவரைப் பக்கம் போனால் இடையில் காடும் முகடும் நின்று அந்த வெளிச்சத்தை மறைக்கும். சாதாரண இரவென்றால் மேற்கேதான் போக வேண்டும். ஒரே ஒரு விதிவிலக்கு: சமவெளியை மூடி கீழே மேகம் படுத்திருக்கும் இரவு. ஊர் விளக்குகள் மேகத்துக்கு அடியில் அடைபட்டுவிடும், மேகம் மட்டும் உள்ளிருந்து லேசாக ஒளிரும், மேலே வானம் கறுத்துவிடும். அந்த இரவில் தெற்குச் சரிவுக்கு இணை இல்லை.

நட்சத்திரச் சுவடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. வடக்கே பார்த்து எடுத்தால் வட்டத்தின் மையம் 10 டிகிரி உயரத்தில் இருப்பதால் பெரிய வட்டங்கள் முழுதாகக் கிடைக்காது, கீழ்ப்பகுதி மலைக்குள் போய்விடும். கிழக்கே பார்த்து எடுங்கள். நம் அட்சரேகையில் நட்சத்திரங்கள் கிட்டத்தட்ட நேர்க்கோடாக மேலே ஏறும். அந்த வரிகள் ஐரோப்பா போன்ற குளிர்தேசப் படங்களில் கிடைக்காது.

பகல் காட்சிகளுக்கு வருவோம். இங்கே போட்டி மூன்றுக்கு இடையில்: லென்ஸின் முன் மாட்டும் பாதி கறுத்த ஃபில்டர், வெவ்வேறு வெளிச்சத்தில் மூன்று படம் எடுத்துச் சேர்க்கும் பிராக்கெட்டிங், ஒரே ரா ஃபைல் (சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பு). கடற்கரையில் அடிவானம் நேர்க்கோடு, பாதி கறுத்த ஃபில்டர் அங்கே அழகாக உட்காரும். பில்லர் ராக்ஸ் எதிரே அதை மாட்டினால் பாறையின் மேல்பாதி கறுத்து, கீழ்ப்பாதி வெளுத்து நிற்கும். மலைக்கு அந்த ஃபில்டர் வேண்டாம், காசை மிச்சம் பிடியுங்கள். பிராக்கெட்டிங் அசையாத காட்சிக்கு நல்லது. ஆனால் விடியலில் பள்ளத்தாக்கை நிரப்பும் பனிக்கடல் அசைந்துகொண்டே இருக்கும், மூன்று படத்திலும் அது மூன்று இடத்தில் இருக்கும். சேர்த்தால் ஓரங்களில் பேய் நிழல் விழும். அதனால் பனிமூட்டத்துக்கு ஒரே ரா ஃபைல்தான். குறைந்த ஐஎஸ்ஓவில் (சென்சாரின் ஒளியுணர் அளவு) இன்றைய சென்சார்கள் தாங்கும் வெளிச்ச வீச்சு பெரிது. வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் வலது முனை முட்டாத அளவுக்கு, அதாவது சூரியனைச் சுற்றிய மேகம் வெளுக்காத அளவுக்கு எடுத்துவிட்டு, நிழலைப் பிறகு தூக்குங்கள். ஜேபெக்கில் எடுத்தால் இந்த வசதி இல்லை. போலரைசர் ஃபில்டர் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மழை நின்றபின் சோலை இலைகளின் பளபளப்பை அது நீக்கிவிட்டால் பச்சை தானாக ஆழமாகும். அகன்ற லென்ஸில் வானத்துக்கு மாட்டினால் ஒரு பக்கம் மட்டும் கறுக்கும், அதைத் தவிர்க்க வேண்டும்.

எடிட்டிங் மென்பொருளில் இலவசம், கட்டணம் என்ற விவாதத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அடுக்கலுக்கு விண்டோஸில் சீக்வேட்டர் இலவசம். வானத்தைப் பிரஷ்ஷால் குறித்துவிட்டால் மலையை அசையாமல் வைத்து நட்சத்திரங்களை மட்டும் ஒழுங்குபடுத்தும். மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு சிரில் உண்டு, அதுவும் இலவசம். ஆனால் அது வானத்துக்கென்றே செய்தது, மலையைத் தனியாகச் சேர்க்க வேண்டும். ரா ஃபைலைத் திருத்த டார்க்டேபிள், ராதெரபி, இரண்டும் இலவசம். கட்டண மென்பொருளான லைட்ரூமில் மாஸ்க் போடுவது, அதாவது படத்தின் ஒரு பகுதியை மட்டும் குறித்துத் திருத்துவது, வேகமாக இருக்கும் என்பது உண்மை, நேரம் குறைவாக உள்ளவர்கள் அதற்குக் காசு கொடுக்கலாம். இலவச மென்பொருளோடு நின்றாலும் தரத்தில் தோற்க மாட்டீர்கள்.

ஏஐ நாய்ஸ் நீக்கத்தை அடுக்கலுக்கு மாற்றாகப் பார்ப்பவர்களோடு நான் உடன்படவில்லை. 2023-இல் லைட்ரூமில் வந்தபின் பலர் ஒரே படம் எடுத்து அதில் ஓட்டிவிடுகிறார்கள். ஒற்றைப் படத்தில் பதியாத மங்கலான நட்சத்திரத்தை அந்தக் கருவி எங்கிருந்தும் கொண்டுவர முடியாது. சில சமயம் இருப்பதையும் நாய்ஸ் என்று நினைத்துத் துடைத்துவிடும், பால்வீதியின் தூசுப் பட்டைகளை மெழுகாக்கிவிடும். அடுக்கலில் சேர்வது உண்மையாக வந்து விழுந்த வெளிச்சம். அடுக்கி முடித்தபின், மலைப் பகுதிக்கு மட்டும் மெதுவாக ஏஐ ஓட்டினால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

படத்தின் மூட்டத்தை நீக்கும் டீஹேஸ் ஸ்லைடரைத் தொடும்முன் ஒரு நிமிடம் யோசிக்கச் சொல்வேன். ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் முகடுகள் தூரம் போகப் போக நீலமாவதும் வெளிறுவதும் காற்று செய்கிற வேலை, தூரத்தை நமக்குச் சொல்வதே அதுதான். டீஹேஸை முழுக்க இழுத்தால் ஏழு முகடும் ஒரே சுவரில் ஒட்டிய காகிதமாகிவிடும். அருகிலுள்ள சரிவுக்கு மட்டும் மாஸ்க் போட்டுக் கொஞ்சம் கொடுங்கள், தூரத்து நீலத்தை விட்டுவிடுங்கள். இரவுப் படத்தில் வண்ண வெப்பநிலையை 3800 முதல் 4200 கெல்வினுக்குள் வைத்தால் வானம் ஊதாவாகாமல் நிற்கும். அடிவானத்தில் தெரியும் தேனியின் மஞ்சள் ஒளியை முழுவதும் அழிக்க வேண்டியதில்லை, அங்கே ஊர் இருக்கிறது. வேறெங்கோ எடுத்த பால்வீதியை இந்த மலைமேல் ஒட்டுவதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். நம் அட்சரேகையில் பால்வீதி சாயும் கோணம் வேறு, வானம் தெரிந்தவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

போன் மட்டும் வைத்திருப்பவர் ஒதுங்க வேண்டியதில்லை. 2019-இல் பிக்சல் 4-இல் வந்த வானப்பட முறை 16 விநாடி வீதம் 15 படம் எடுத்து, நாலு நிமிடத்தில் தானே சேர்த்துவிடும். அதுவும் அடுக்கல்தான். சின்ன ட்ரைபாடில் நிறுத்தி, டைமர் வைத்து எடுத்தால் போன் திரையில் பார்ப்பதற்கு நல்ல படமே கிடைக்கும்.

இனி பணத்துக்கு வருகிறேன். முதல் செலவு, லென்ஸைச் சுற்றிக் கட்டும் ஹீட்டர் பட்டை. பவர் பேங்கில் ஓடும், விலை குறைவு. கொடைக்கானல் இரவில் லென்ஸ் கண்ணாடியில் பனி படிந்து கெட்டுப்போன படங்கள் கணக்கில்லை. கேமராவில் இன்டர்வெல் டைமர் இல்லாவிட்டால் அதற்கொரு ரிமோட். இரண்டாவது செலவு, எஃப் 2 அல்லது 2.8 திறப்புள்ள அகன்ற லென்ஸ். கேமராவோடு வரும் கிட் லென்ஸின் 3.5-இலிருந்து 2-க்கு வந்தால் மூன்று மடங்கு வெளிச்சம், அடுக்கலிலும் டிராக்கரிலும் அது கூடவே வரும். கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸாக இருந்தாலும் பரவாயில்லை, நட்சத்திரத்துக்கு ஆட்டோஃபோகஸ் எப்படியும் உதவாது. லைவ் வியூவில் பிரகாசமான நட்சத்திரத்தைப் பெரிதாக்கிக் கையால்தான் திருப்ப வேண்டும். டிராக்கர் மூன்றாவது. பழனியைப் பார்த்த வடக்குச் சரிவில் வீடோ தோட்டமோ இருந்து, ஒரே இடத்தில் டிராக்கரை நிரந்தரமாக நிறுத்தி அச்சைச் சரிசெய்துகொள்ள முடிகிறவர், நீண்ட லென்ஸில் கேட்டையையும் தனுசையும் எடுக்க ஆசையுள்ளவர், அதை முதலாவதாகவே வாங்கலாம்.